ஆரோனின் காது மடலும் தொழுநோயாளியின் காது மடலும்

லேவியராகமம் 8ஆம் அதிகாரத்தைப் பலிகளின் விவரம் மிகுந்த பகுதி என்று நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். ஆரோனும் அவருடைய குமாரரும் ஆசாரியராகப் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த அதிகாரத்தில் ஆரோன் தாமாக என்ன செய்தார் என்று மட்டும் ஒருமுறை குறித்துப் பாருங்கள். பலிமிருகங்களின் தலைமேல் கை வைக்கிறார், ஏறக்குறைய அவ்வளவுதான். சபையார் அனைவரும் ஆசரிப்புக் கூடார வாசலில் கூடி நிற்க, மோசே அவரைத் தண்ணீரால் கழுவி, அங்கி உடுத்தி, கச்சை கட்டி, மார்ப்பதக்கம் அணிவித்து, தலைமேல் அபிஷேக தைலத்தை வார்க்கிறார். மோசேயைவிட மூன்று வயது மூத்தவர் ஆரோன். ஊரே பார்க்கத் தம்பியின் கையால் கழுவப்பட்டு நிற்பது எந்த அண்ணனுக்கும் எளிதன்று.

அவருடைய கடந்த காலமும் சபையார் அறியாததன்று. இந்தப் பிரதிஷ்டைக்கான கட்டளைகளை மோசே சீனாய் மலையில் பெற்றுக்கொண்டிருந்த நாட்களில்தான், கீழே ஆரோன் ஜனங்கள் வணங்குவதற்கென்று பொன் கன்றுக்குட்டியை வார்ப்பித்துக்கொண்டிருந்தார். ஏழு நாள் பிரதிஷ்டை முடிந்து எட்டாம் நாளில் அவர் தமக்காகக் கொண்டுவர வேண்டிய பாவநிவாரண பலி ஒரு கன்றுக்குட்டி. 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி இதைப் பொன் கன்றுக்குட்டியோடு இணைத்தே வாசிக்கிறார். அந்த வாசிப்பு சரியென்றே எனக்கும் படுகிறது. குருப்பட்ட ஆராதனை முடிந்த கையோடு சால்வைக்கும் மாலைக்கும் வரிசை நிற்கும் நம் வழக்கத்தை இதனருகில் வைத்துப் பார்க்கும்போது சங்கடமாகவே இருக்கிறது.

ஆரோனின் கைகளில் வைக்கப்பட்டவற்றையும் கவனிக்க வேண்டும். புளிப்பில்லாத அப்பம், எண்ணெயிட்ட அப்பம், ஓர் அடை, கொழுப்பு, வலது முன்னந்தொடை ஆகியவை அவர் கைகளிலும் அவருடைய குமாரரின் கைகளிலும் வைக்கப்பட்டு அசைவாட்டப்படுகின்றன. பிறகு மோசே அவற்றை அதே கைகளிலிருந்து எடுத்துப் பலிபீடத்தில் தகனிக்கிறார். ஊழியத்தில் கைக்கு வந்தவை அனைத்தையும் தம் குடும்பச் சொத்தாக எண்ணத் தொடங்கியவர்கள் இந்த வசனங்களில் சற்று நிற்கலாம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாகப் பிடித்து நிறுத்துவது இரத்தம் பூசப்பட்ட இடங்கள்தான். வலது காதின் மடல், வலது கையின் பெருவிரல், வலது காலின் பெருவிரல். கேட்பது, செய்வது, நடப்பது ஆகிய மூன்றும் கர்த்தருக்கே உரியவை என்று பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது நல்ல விளக்கமே. ஆனால் நியாயப்பிரமாணத்தில் இதே மூன்று இடங்களிலும் இரத்தம் பூசப்படும் இன்னொருவர் இருக்கிறார். லேவியராகமம் 14இல் சுத்திகரிக்கப்படும் தொழுநோயாளி அவர். இரத்தத்தின்மேல் எண்ணெயும் பூசப்பட்டு, மீந்த எண்ணெய் அவர் தலையில் வார்க்கப்படுகிறது. வசதியில்லாதவருக்குப் பலியின் செலவு குறைக்கப்படுகிறதே தவிர, இந்த மூன்று இடங்களில் ஒன்றுகூட விடப்படுவதில்லை. இஸ்ரவேலர் கூடாரமிட்டுத் தங்கியிருந்த பாளயத்தில் மிக உயர்ந்த பதவிக்கு வருகிறவரும் பாளயத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தவரும் ஒரே அடையாளத்தைப் பெறுகிறார்கள்.

கிறிஸ்துவின் பலிக்குப் பின் இவையெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம் பிரதான ஆசாரியர் நாடோறும் பலியிட வேண்டியவரல்லர், தம்மைத்தாமே ஒரேதரம் பலியிட்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அதே நிருபம் 10ஆம் அதிகாரத்தில் விசுவாசிகள் அனைவரையும், இருதயம் தெளிக்கப்பட்டவர்களாகவும் சரீரம் சுத்த ஜலத்தால் கழுவப்பட்டவர்களாகவும் சேரும்படி அழைக்கிறது. கழுவுதலும் தெளித்தலும் ஆரோனின் பிரதிஷ்டையில் நடந்தவையே. “ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்” என்று பேதுரு எழுதியதும் மேடையில் இருப்பவர்களுக்கு மட்டுமன்று, சிதறியிருந்த எளிய விசுவாசிகளுக்கே.

அப்படியானால் அந்தத் தொழுநோயாளியைப் பற்றிய சட்டத்தின் தொடக்கமும் நமக்குரியதே. அவர் சொஸ்தமானாரா என்று பார்க்க ஆசாரியரே பாளயத்துக்குப் புறம்பே போக வேண்டும் என்கிறது அது. வழிதவறியவர் என்றும் தகுதியில்லாதவர் என்றும் நாம் விலக்கி வைத்தவர்கள் தாமாகத் திருந்தி ஆலய வாசலுக்கு வரட்டும் என்று காத்திருப்பதற்கு, ஆசாரியக்கூட்டம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இந்த அதிகாரத்தில் எந்த ஆதாரமும் கிடைக்காது.