சவுண்ட்போர்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு

கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள் சேர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பத்து நிமிஷத்துக்குள் இந்தச் சண்டை வந்துவிடும். சவுண்ட்போர்டா, ஆடியன்ஸா? குரலையும் வாத்தியங்களையும் கலந்து அரங்க ஒலிபெருக்கிக்கு அனுப்பும் மிக்ஸரிலிருந்து நேராக வயர் போட்டு எடுத்தது முதல் வகை. கூட்டத்துக்கு நடுவே மைக் நிறுத்திப் பதிந்தது இரண்டாவது. புதிதாகச் சேர்க்க வருபவர்களிடம் "சவுண்ட்போர்டு இருந்தா எடு, இல்லேன்னா அந்தத் தேதியையே விட்டுடு" என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது தப்பான பாடம். இதைக் கேட்டு வளர்கிறவர்கள் இந்தக் குழுவின் பாதியைக் கேட்காமலே போய்விடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1965-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கிய ராக் இசைக்குழு இது. 1995 ஆகஸ்டில் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். நேற்றைய பாட்டு வரிசை இன்று வராது. ‘டார்க் ஸ்டார்’ 1968-ல் சிங்கிளாக வந்தபோது முழுசாக மூன்று நிமிஷம்கூட இல்லை. அடுத்த வருஷம் ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிஷம் ஓடுகிறது. ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் கேட்டு இவர்களை எடைபோடவே முடியாது. அதனால்தான் இவர்களுடைய ரசிகர்கள் ஆல்பம் பெயரைவிடக் கச்சேரித் தேதியைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்தத் தேதிகள் நமக்கு மிஞ்சியதில் பெரும்பங்கு, கச்சேரிக்கு வந்து பதிந்துகொண்டுபோன ரசிகர்களான டேப்பர்களுடையது. 70-களின் தொடக்கத்தில் கோட்டுக்குள்ளும் பைக்குள்ளும் மைக்கை ஒளித்துக் கொண்டுபோனார்கள். பதிந்ததைத் தபாலில் மாற்றிக்கொண்டார்கள். 1974-ல் ‘டெட் ரெலிக்ஸ்’ என்று ஒரு பத்திரிகையே இந்த டேப் பரிமாற்றத்துக்காகத் தொடங்கப்பட்டது. காலி கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் கொடுத்தால் போதும், காசு வாங்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். விற்றவன் அந்த வட்டத்தில் தலைகாட்ட முடியாது. குழுவும் கண்டும் காணாமலும் இருந்தது. வாசித்து முடித்த பிறகு அது ரசிகர்களுடையது என்பது கார்சியாவின் நிலைப்பாடு. மைக் கம்புகள் காடாக முளைத்து ஒலிப்பொறியாளருக்கே மேடை மறைக்கும் அளவுக்குப் போனபோதும் தடை போடவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டர் கச்சேரிகளின்போது மிக்ஸருக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்றே தனி இடமும் தனி டிக்கெட்டும் கொடுத்தார்கள். பதிவு செய்கிறவனைத் திருடன் மாதிரி பார்த்த அந்தக் காலத்து இசைத்தொழிலில் இது எவ்வளவு பெரிய மனசு!

சரி, ஒலிக்கு வருகிறேன்.

1971 ஆகஸ்ட் 6, ஹாலிவுட் பல்லேடியம். ஒரு ரசிகர் அரங்கிலிருந்து பதிந்தது. அதில் ‘ஹார்ட் டு ஹேண்டில்’ பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். குழுவின் பாடகர்களில் ஒருவரான பிக்பென் பாடி நிறுத்த, வாத்தியங்கள் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறுகின்றன. உச்சியைத் தொடும்போது மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கூச்சல் வரும்போது எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். அது இல்லாமல் அந்த வாசிப்பு முழுமையாகாது. கூட்டம் கொடுத்த சூட்டில்தானே அவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள்? அதை இரைச்சல் என்று ஒதுக்கினால் என்ன நியாயம்?

சவுண்ட்போர்டு என்றாலே துல்லியம் என்று நினைப்பதும் சரியில்லை. மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் அரங்கத்துக்காக வேலை செய்கிறார், டேப்புக்காக இல்லை. சின்ன அரங்கில் மேடையிலிருக்கும் கிட்டார் ஒலிபெருக்கி (ஆம்ப்) தானாகவே எல்லார் காதிலும் விழும். அதை மிக்ஸரில் ஏற்றவே மாட்டார். அந்த வயரிலிருந்து எடுத்த டேப்பில் குரல் முகத்துக்கு முன்னால் நிற்கும், கிட்டார் அடுத்த அறையில் வாசிப்பதுபோல இருக்கும்.

"அப்போ கார்னெல்?" என்று கேட்பீர்கள். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். சவுண்ட்போர்டு பக்கத்தினர் எப்போதும் எடுத்துக்காட்டும் டேப். ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ முடிவே தெரியாமல் ‘ஃபயர் ஆன் தி மவுண்டன்’ பாட்டுக்குள் கரைகிற அந்த இடத்தை நானும் எத்தனையோ முறை கேட்டு மயங்கியிருக்கிறேன். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த கச்சேரி அது. ஆனால் அந்த டேப் ஏன் அவ்வளவு அழகு? குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் அரங்க ஒலியை அப்படியே எடுக்காமல், டேப்புக்கென்றே தனியாக மிக்ஸ் செய்தார். ஒரு கலைஞரின் காதும் கையும் அதில் இருக்கின்றன. அவருடைய டேப்புகள் 1986-ல் வாடகைக் கிடங்கு ஏலத்தில் போய், வாங்கியவர்களிடமிருந்து சேகரிப்பாளர்கள் கைக்கு வந்து, அவர்கள் பிரதி எடுத்துப் பரப்பியதால்தான் உலகம் அதைக் கேட்டது. அதிகாரபூர்வமாக வெளிவந்தது 2017-ல். அதுவரை காப்பாற்றியவர்கள் யார்? தபாலில் கேசட் அனுப்பிக்கொண்டிருந்த அதே கூட்டம்தான்.

2005-ஐயும் மறக்க முடியாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடந்த பதிவுகளை இறக்கிக்கொள்ளும் வசதி, அந்த நவம்பரில் குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டதால் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் ஆடியன்ஸ் பதிவுகளை மட்டும் பழையபடி இறக்கிக்கொள்ள விட்டார்கள். சவுண்ட்போர்டை அங்கேயே கேட்கலாம், எடுத்துக்கொள்ள முடியாது. அதில் அவர்களுக்கு உரிமை உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாரையும் கேட்காமல் நாம் வைத்துக்கொள்ளவும் அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடியது, மைக் கம்பைப் பிடித்து நின்றவர்கள் விட்டுப்போனதுதான்.

இரண்டாம் பாதியில் வரும் ‘ட்ரம்ஸ்’ பகுதியையும் அரங்கப் பதிவில் கேளுங்கள். பெரிய மேளங்களின் அதிர்வு கூரையில் மோதித் திரும்புவது வரைக்கும் காதில் விழும். (அந்த ட்ரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட்தான் 1991-ல் ‘பிளானெட் ட்ரம்’ ஆல்பத்துக்கு நம் கடம் விக்கு விநாயக்ராமை அழைத்தவர்.) ஒரே கச்சேரிக்கு இரண்டு வகையும் கிடைத்தால் இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டுக் கலந்த ‘மேட்ரிக்ஸ்’ பதிவுகள் இருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தவை அவைதான்.

ஒரு நண்பர் கொடுத்த மேக்ஸெல் 90 கேசட்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. அட்டையில் தேதி, ஊர், பாட்டு வரிசை. நிற்காமல் அடுத்ததற்குள் போகும் பாட்டுகளுக்கு நடுவே ஒரு சின்ன அம்புக்குறி. ஓரத்தில் எந்த மைக், எந்த ரெக்கார்டர், இது எத்தனையாவது காப்பி. ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம்தான். அதனால் குழு சுருதி சேர்க்கும் இடைவெளி பார்த்துக் கேசட்டைத் திருப்பியிருக்கிறார் அந்த டேப்பர். பாட்டு எங்கேயும் அறுபடவில்லை. ஆடிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒரு கண்ணைக் கடிகாரத்திலேயே வைத்திருந்த மனிதர்.

இப்படிக் கேசட்டுகள் உங்களிடமோ, வெளிநாட்டில் இருக்கும் உங்கள் நண்பர்களிடமோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ‘இதுக்குத்தான் சவுண்ட்போர்டு இருக்கே’ என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். நல்ல கேசட் டெக்கில் ஓட்டி, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) ஃபைலாக மாற்றுங்கள். அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்துக் கூடவே போடுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று சாஃப்ட்வேரில் கைதட்டலையும் கூச்சலையும் வெட்ட வேண்டாம். பதிவில் இருக்கிற எல்லாம் அப்படியே இருக்கட்டும்.