பொடி மட்டும் தசை வளர்க்காது

"அறுபது வயதுக்கு மேல் எடை தூக்குவது ஆபத்து, தினமும் புரதப் பொடி கலக்கிக் குடித்தாலே தசை ஏறிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இதை நம்பிப் பெற்றோருக்கு ஒரு டப்பாவை வாங்கிக் கொடுத்து நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள்.

பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. சராசரி வயது 87. பத்து வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்கைத் தாண்டியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

என் அம்மாவுக்கு 71 வயது. கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில்தான் தொடங்கினார், முதல் நாள் நான்கே முறை. இப்போது இரண்டு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி பன்னிரண்டு முறை எழுகிறார்.

புரதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டை, பருப்பு, தயிர் போதாதபோது பொடி கைகொடுக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தசை வலிமைக்காகக் கிரியேட்டின் என்ற துணைச் சத்தை எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் 'கிரியேட்டினின்' என்ற கழிவுப்பொருளின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும்.