பெரியப்பாவுக்கு நலமுரண்

பெரியப்பா: எனக்குச் சுகர் இருக்கறது அவனுக்கு எப்படி பாப்பா தெரிஞ்சுச்சு?

கயல்: எவனுக்கு?

பெரியப்பா: விக்கிப்பீடியாக்காரனுக்கு! என் கட்டுரை உச்சந்தலையில பலகை மாட்டி வச்சிருக்கான், 'நலமுரண்'னு. காலையில வெறும் வயித்துல 132. இதெல்லாம் ஒரு முரணா?

கயல்: பெரியப்பா, அது உடம்பு நலம் இல்ல. சொந்த நலம். உங்களப் பத்தி நீங்களே எழுதினா ஒரு பக்கமா சாயும்ல, அதத்தான் அப்படிச் சொல்றாங்க.

பெரியப்பா: நான் எங்க எழுதினேன்? 'உண்மைவிரும்பி'ன்னு ஒருத்தர் எழுதினாரு. நான் கேக்கக்கூட இல்ல.

கயல்: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லங்கற மாதிரி இருக்கு. சரி, அந்த உண்மைவிரும்பி ராத்திரி 2:10-க்கு எழுதியிருக்காரு. 2:16-க்கு 'நடுநிலையாளன்' வந்து பேச்சுப் பக்கத்துல 'காலத்தின் கட்டாயமான கட்டுரை'ங்கறாரு. 2:21-க்கு 'டெல்டா இளைஞன்' வந்து ஆமாங்கறாரு. மூணு பேரும் 'கவிச்செம்மல்'ங்கறதுக்குக் குண்டு ள போட்டிருக்காங்க.

பெரியப்பா: ஒரே வாத்தியார்கிட்ட படிச்சிருப்பாங்க.

கயல்: ஒரே போன்ல படிச்சிருக்காங்க. 'வரலாறு'ன்னு ஒரு தாவல் இருக்கு பாருங்க, அதுல எவன் எத்தன மணிக்கு எந்தக் கமாவத் தொட்டான்னு அத்தனையும் நிக்கும்.

பெரியப்பா: வரலாறா? நான் என் வாழ்க்கை வரலாறு வைக்கற எடம்னு நெனச்சுல்ல அதுல தட்டித் தட்டிப் பார்த்தேன்! அது கிடக்கட்டும். மேற்கோள் குடுன்னான், குடுத்தேன். அதையும் தூக்கிட்டான்.

கயல்: என்ன குடுத்தீங்க?

பெரியப்பா: 'நிறைகுடம் தளும்பாது.'

கயல்: அந்த மேற்கோள் இல்ல பெரியப்பா. நீங்க சொல்றது நெசம்னு காட்டற மாதிரி, உங்களுக்குச் சம்பந்தமில்லாதவங்க எழுதி அச்சுல வந்திருக்கணும். பேப்பர், பத்திரிகை, புத்தகம்.

பெரியப்பா: புத்தகம் இருக்கே! என் கவிதைத் தொகுப்பு. 300 காப்பி.

கயல்: எழுதினது?

பெரியப்பா: நான்.

கயல்: அச்சடிக்கக் காசு குடுத்தது?

பெரியப்பா: என் பி.எஃப்.

கயல்: முன்னுரை?

பெரியப்பா: உங்கப்பன்.

(இந்த எடத்துல கயல் ஒண்ணும் சொல்லல. 300 காப்பியில 260, பரண்மேல வெங்காயச் சாக்குக்குப் பக்கத்துல இருக்கறது ரெண்டு பேருக்கும் தெரியும்.)

பெரியப்பா: இங்க பாரு, நீ என் தம்பி மவ. எட்டு வருசமா அதுல எழுதறே. நீ எழுதலன்னா எனக்கு எவ எழுதுவா?

கயல்: நான் உங்க தம்பி மவங்கறதாலதான் எழுதக் கூடாது.

பெரியப்பா: சொந்தக்காரன் செய்யக் கூடாதுன்னா இந்த நாட்டுல என்னதான் நடக்கும்? தாலுக்கா ஆபீஸ்ல உன் வருமானச் சான்றிதழ் ஒரே நாள்ல எப்படி வந்துச்சு? அங்க எவனாவது நலமுரண் பலகை மாட்டினானா?

கயல்: மாட்டியிருக்கணும்.

பெரியப்பா: மாட்டியிருந்தா நீ காலேஜுக்குப் போயிருக்க மாட்டே!

(இது பெரியப்பாவோட ஒரே நல்ல அடி. கயல் தண்ணி குடிச்சா.)

கயல்: இந்த விக்கிப்பீடியாவ 2001-ல ஆரம்பிச்ச ஜிம்மி வேல்ஸ் இருக்காரே, அவரே 2005-ல தன்னைப் பத்தின பக்கத்துல தானே கை வச்சாரு. கூட ஆரம்பிச்ச லாரி சாங்கருக்கும் அதுல பங்கு உண்டுன்னு இருந்த வரிகள எடுத்துவிட்டாரு. வரலாறு தாவல் காட்டிக் குடுத்துருச்சு. செஞ்சிருக்கக் கூடாதுன்னு அவரே அப்புறம் வருத்தப்பட்டாரு.

பெரியப்பா: கடை மொதலாளி கல்லாவுல கை வைக்கக் கூடாதா? நல்ல கடைடா சாமி!

கயல்: பிலிப் ராத்னு ஒரு பெரிய அமெரிக்க நாவலாசிரியர். தன் நாவல் எங்கேருந்து பொறந்துச்சுன்னு விக்கிப்பீடியாவுல தப்பா இருக்கு, மாத்துங்கன்னு 2012-ல கேட்டாரு. நீங்க சொன்னா மட்டும் போதாது, வேற ஆதாரம் வேணும்னுட்டாங்க.

பெரியப்பா: எழுதினவனே சொல்றான்…

கயல்: எழுதினவரே சொன்னாலும்தான். அவரு ஒரு பத்திரிகையில நீளமா ஒரு திறந்த கடிதம் எழுதினாரு. அப்புறம் அந்தக் கடிதத்தையே ஆதாரமாக் காட்டிச் சேத்துக்கிட்டாங்க.

பெரியப்பா: அவ்வளவுதானே? நானும் இன்னிக்கே ஒரு திறந்த கடிதம் எழுதறேன்.

கயல்: எதுல?

பெரியப்பா: நம்ம தெரு வாட்ஸ்அப் குழுவுல.

கயல்: அதுல யாரும் மேல வந்தத படிக்கறதே இல்லியே.

பெரியப்பா: திறந்துதானே இருக்கு! …சரி விடு. உன்ன நம்பி நான் இல்ல. வேற ஆளு புடிச்சாச்சு. போன்ல அவனே கூப்புட்டான். 'சார், உங்க கட்டுரைய நிராகரிச்சிருக்காங்க, நாங்க ஏத்தித் தரோம்'னான். 15,000. அஞ்சாயிரம் ஜிபேல அனுப்பிட்டேன்.

கயல்: அஞ்சாயிரமா! பெரியம்மாவுக்குத் தெரியுமா?

பெரியப்பா: அதுக்கு மேற்கோள் எல்லாம் கேக்காத.

கயல்: ஐயோ, இது பழைய வித்தை பெரியப்பா. 2015-ல இங்கிலீஷ் விக்கிப்பீடியாவுல 381 கணக்க மொத்தமா முடக்கினாங்க. அந்தக் கூட்டத்துக்கு ஆரஞ்சுமூடின்னு பேரு வச்சாங்க. எந்தக் கட்டுரை நிராகரிக்கப்பட்டிருக்குன்னு நோட்டம் பாக்கறது, எழுதினவனத் தேடிப் போயி காசு கேக்கறது. ஏத்தினதுக்கு அப்புறம் எவனும் நீக்காம காவல் பாக்கறோம்னு மாசாமாசம் தனிக் காசு.

பெரியப்பா: மாசம் எவ்வளவு?

கயல்: அவங்க டாலர்ல வாங்கினாங்க.

பெரியப்பா: நம்மாளு 500-ன்னுதான் சொன்னான். மலிவுதான்.

கயல்: பெரியப்பா! காசு வாங்கிட்டு எழுதறவன், யாருகிட்ட வாங்கறேன்னு அங்கயே வெளிப்படையா எழுதணும். 2014-லேர்ந்து அது விதி.

பெரியப்பா: தாராளமா எழுதட்டும். 'இக்கட்டுரைக்கான பொருளுதவி: கவிச்செம்மல்.' வள்ளல்னு ஒரு பட்டம் சேந்துக்கும்.

கயல்: இருக்கற பட்டம் எப்படி வந்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க.

பெரியப்பா: தஞ்சாவூர்ல ஒரு விழாவுல குடுத்தாங்க. மண்டப வாடகைக்கு 2,500 மட்டும் பங்கு போட்டோம்.

கயல்: எத்தன பேருக்குக் குடுத்தாங்க?

பெரியப்பா: மேடையில இருந்த எல்லாருக்கும்.

கயல்: கீழ எத்தன பேரு இருந்தாங்க?

பெரியப்பா: மைக்செட்காரர் இருந்தாரு. கடைசியில அவருக்கும் ஒண்ணு குடுத்துட்டாங்க.

(கயலுக்குச் சிரிப்பு வரல. இந்த மாதிரிக் கேடயத்தோட கட்டுரை வாரத்துக்கு நாலு அவ கண்ணுல படுது. எல்லாத்துலயும் 'சிறந்து விளங்குகிறார்'. எல்லாத்துலயும் 'எண்ணற்ற விருதுகள்'. எண்ணிப் பாத்தா மூணு.)

கயல்: ஒண்ணு கேக்கட்டா? நீங்க 31 வருசம் ஆத்து மதகத் தொறந்து மூடற லஸ்கரா இருந்தீங்கள்ல. மேட்டூர் ஜூன் 12 தொறந்தா, நம்மூருக்குத் தண்ணி எப்படி வரும்?

பெரியப்பா: இது என்ன கேள்வி? மேட்டூர்லேர்ந்து கல்லணைக்கு வர மூணு நாலு நாளு ஆவும். ஆத்து மணலு எவ்வளவு காஞ்சிருக்கோ அதப் பொறுத்தது. மொதத் தண்ணிய மணலுதான் குடிக்கும். கல்லணையில காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியும். நம்ம பங்கு வெண்ணாத்துல வரும். தென்பெரம்பூர் தாண்டி, நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்பு, அதான் தண்ணியப் பிரிச்சு விடற எடம். அங்க வெண்ணாறு ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம், பாமணியாறு ஒரு பக்கம். ஷட்டர ஏத்தும்போது திருகு மரையில கிரீஸ் இல்லன்னா ஒரு சத்தம் வரும் பாரு, யான பிளிறின மாதிரி. ஒரேயடியா ஏத்தக் கூடாது. அரை அடி ஏத்து, நில்லு, கீழ மண்ணு அரிக்குதான்னு பாரு, அப்புறம் அடுத்த அரை அடி. மொதத் தண்ணி நுரையும் சருகும் செத்த பாம்புமா வரும். அது பின்னாடியே கொக்கு வரும். கொக்கு வந்துட்டா கைலிய மடிச்சுக் கட்டிட்டு…

கயல்: இதச் சொல்லும்போது ஒரு குண்டு ள கூட தப்பா வரல உங்களுக்கு.

பெரியப்பா: …

கயல்: பரண்ல இருக்கற 260-லயும் இது ஒரு வரி இல்ல. அதுல இருக்கறதெல்லாம் நெலாவும் நீயும்தான். பெரியம்மாவும் 'அந்த நீ நான் இல்ல'ன்னுட்டாங்க. தலைப்பு, மதகு, ஷட்டருன்னு எழுத ஆளில்லாமக் கிடக்கு. கவிச்செம்மல் ஊருக்குப் பத்து பேரு வரிசையில நிக்கறாங்க.

பெரியப்பா: அப்ப சரி. எனக்குத் தெரிஞ்ச ஆத்துக் கதைய நான் எழுதறேன்.

கயல்: (தயங்கி) அதுவும்… நேரா எழுத முடியாது.

பெரியப்பா: ஏன்? ஆறு எனக்குச் சித்தப்பனா?

கயல்: உங்களுக்குத் தெரிஞ்சது மட்டும் பத்தாது. ஏற்கெனவே அச்சுல வந்ததத்தான் எழுதணும்.

பெரியப்பா: எனக்குத் தெரிஞ்சத எழுதக் கூடாது. அப்ப எனக்குத் தெரியாதத எழுதணும்.

கயல்: நெறைய பேரு அதத்தான் செய்யறாங்க.

பெரியப்பா: நல்லா இருக்கு பாப்பா உங்க ஞாயம். 31 வருசம் ஷட்டர் ஏத்தினவன் சொன்னா செல்லாது. ஏசி ரூம்ல உக்காந்து எவனோ புத்தகம் போட்டா செல்லும். அவன் அந்தப் புத்தகத்துக்கு எங்ககிட்டதான் வந்து கேட்டுட்டுப் போனான். ஒரு டீ வாங்கிக் குடுத்தான்.

கயல்: அந்தப் புத்தகம் பேரு ஞாபகம் இருக்கா?

பெரியப்பா: டீதான் ஞாபகம் இருக்கு. சக்கர போடாம.

கயல்: தேடிக் கண்டுபுடிங்க பெரியப்பா. அது கையில இருந்தா, அதக் காட்டி எழுதலாம். நான் தட்டச்சு பண்ணித் தரேன்.

பெரியப்பா: எழுதினா என் பேரு அதுல எங்க வரும்?

கயல்: வராது. வரலாறு தாவல்ல மட்டும் நீங்க வச்சிருக்கற பயனர் பேரு நிக்கும்.

பெரியப்பா: மொதப் பக்கத்துல வராதா?

கயல்: எவர் பேரும் வராது.

பெரியப்பா: (கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே போனத் தள்ளுகிறார்) அதுக்கு முன்னாடி இத ஒரு பார்வ பாரு. 'நீக்கல் உரையாடல்'னு இருக்கு. என் பேரப் பெரிசா மேல போட்டிருக்காங்க.

கயல்: உங்க கட்டுரைய நீக்கலாமா வேண்டாமான்னு பேசின எடம் அது.

பெரியப்பா: எத்தன பேரு பேசியிருக்காங்க! மொத ஆளு 'குறிப்பிடத்தக்கவர் அல்லர்'. ரெண்டாவது ஆளு 'தற்புகழ்ச்சி நடை, நீக்கலாம்'. மூணாவது ஒருத்தன் 'மூன்று கணக்குகளும் ஒருவரே'ன்னு பட்டியல் போட்டு, மணியோட எழுதியிருக்கான். உக்காந்து எழுதியிருக்கான் பாப்பா. என் கவிதைக்குக் கூட எவனும் இவ்வளவு எழுதினதில்ல.

கயல்: பெருமைப்படாதீங்க.

பெரியப்பா: நாலாவது இவ யாரு? 'பாமணிக்கரை'ன்னு பேரு. 'இவர் என் நெருங்கிய உறவினர். எனவே நான் கருத்துச் சொல்லவில்லை.' அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா. சொந்தக்காரின்னு சொல்லிக்கிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லல பாரு! நம்ம குடும்பத்துல எவ இப்படி?

கயல்: …கெட்ட வார்த்தையும் சொல்லலியே.

பெரியப்பா: உங்க அத்தையா இருக்கும். பாகம் பிரிச்சதுலேர்ந்தே அவ இப்படித்தான். சரி, இந்தப் பக்கத்த கலர்ல பிரிண்ட் எடுத்துக் குடு. லேமினேஷன் போட்டுக் கேடயத்துக்குப் பக்கத்துல மாட்டறேன்.

கயல்: இதயா?

பெரியப்பா: கிட்ட வந்து எவன் படிக்கப் போறான்? தூரத்துலேர்ந்து பாத்தா என் பேரும் விக்கிப்பீடியா உருண்டையும்தான் தெரியும். அந்த 'அல்லர்' மேல மட்டும் வெள்ளை மை தடவிடு.

கயல்: பெரியப்பா, அதுக்குப் பேருதான் நலமுரண்.

பெரியப்பா: சாப்பாட்டுக்கு அப்புறம் 190 பாப்பா. அதான் ஒத்துக்கறேன்ல.