கேட்டுட்டுப் போனா குறைஞ்சா போயிடுவீங்க?

அந்த வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. நான் இங்க திரும்பப் போடப் போறதில்ல. தோட்டத்து கேட்ல காவலுக்கு நிக்கிற ஜாகாவைப் பார்த்து, சைக்கிள் ஓட்டப் போன நம்ம பையன் ஒருத்தன், "இது என்ன உங்க அப்பன் ரோடா அங்கிள்?"னு கேக்குறான். பின்னாடி கூட்டமா சிரிப்பு. பெரியவர் கையை ஆட்டி ஆட்டி, "போவ முடியாதுப்பா, மேனேஜர் ஏசுவாரு"ங்குறார். அவரு பேசுற மலாயை வேற கேலி பண்ணி கமெண்ட். கடைசியில கேட் ஓரமா இருந்த சந்துல சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. மேல தலைப்பு: ஆத்தோரம், காடு, மலை, சுதந்திரம்.

சுதந்திரம்தான்.

நானும் கிராவல் சைக்கிள், அதாவது கல்லு மண்ணு ரோட்டுல போற சைக்கிள், ஓட்டுறவன்தான், அதனால யாரும் "பொறாமை"னு ஆரம்பிக்க வேணாம். மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கிற எங்க சுங்கை சிப்புட்லேர்ந்து லிந்தாங், லாசா பக்கம் பிளஸ் ஆத்தை ஒட்டிப் போற செம்மண் சடக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். காலையில செம்பனைக்கு (பாமாயில் மரம்) நடுவுல பனி நிக்கும், கிழக்கே தித்திவங்சா மலை கருநீலமா எழுந்து நிக்கும். 40 மில்லிமீட்டர் டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு விட்டா கல் ரோடு கூட மெத்துனு போகும். மத்தியானம் மழை பிடிச்சா அதே செம்மண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல அப்பிக்கும், சக்கரம் சுத்தாது, சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டுத்தான் வரணும். செம்பனை மட்டையில இருக்கிற முள்ளுக்கு டியூப்லெஸ் டயரும் தாங்காது ஒண்ணும் தாங்காது. இத்தனை கஷ்டத்தோடயும் இதைவிட நல்ல வழி நம்ம பேராக்ல இருக்கானு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு இல்ல. அதனாலதான் சொல்றேன். கேட்டுட்டுப் போங்க.

ஒரு விஷயம் நிறைய பேருக்குப் புரியல. இந்த கிராவல் மோகம் அமெரிக்காவுல கிளம்புனது. கன்சாஸ்ல எம்போரியானு ஒரு ஊர், 2006லேர்ந்து அங்க 200 மைல் போட்டி நடக்குது. அங்க அந்தக் கல் ரோடெல்லாம் கவுண்டி ரோடு, பொது ரோடு. யார் வேணாலும் போலாம். நம்ம ஊர்ல பொது ரோடுன்னா பெரும்பாலும் தார் போட்டிருப்பான். தார் போடாம மிச்சம் இருக்கிறது எது? ஒண்ணு தோட்டத்து ரோடு, கம்பெனி சொத்து. இல்ல மரம் ஏத்துற லோரி போற காட்டுப் பாதை. மலையேறப் போறவங்களே காட்டு இலாகாவுல பர்மிட் எடுத்துட்டுத்தான் வனக் காப்பகத்துக்குள்ள போறாங்க. அதுவும் இல்லன்னா பிளஸ் ஆத்து மேற்பக்கம் இருக்கிற தெமியார் கம்பத்துக்குப் போற பாதை, அது பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிக்காரங்க வீட்டு வாசல். ஆக நீங்க போற ஒவ்வொரு செம்மண் பாதையும் யாரோ ஒருத்தரோட இடம். ஆப்ல கோடு தெரியுதுன்னா போலாம்னு அர்த்தமா?

"சைக்கிள்தானே, லோரியா ஓட்டுறோம்?"னு ஒருத்தர் எழுதியிருந்தார். ஐயா, லோரி ஓட்டுறது அவங்க! குலை ஏத்திக்கிட்டு வளைவுல ஹார்ன் கூட அடிக்காம வருவான், ஏன்னா அந்த நேரத்துல அங்க யாரும் வர மாட்டாங்கனு அவனுக்குத் தெரியும். நீளக் கம்புல அரிவாள் கட்டி குலை வெட்டுறவங்க மேல பார்த்துக்கிட்டு நிப்பாங்க, விழுறது இருபது கிலோவுக்கு மேல இருக்கும். இன்னொரு நிரையில பொம்பளைங்க முதுகுல டேங்க் கட்டி மருந்து அடிப்பாங்க. (பாராகுவாட்டுங்கிற களைக்கொல்லியை 2020லதான் தடை பண்ணாங்க, எங்கம்மா அதை அடிச்ச காலத்துல முகத்துக்கு ஒரு துண்டுதான்.) அதுக்கு நடுவுல நீங்க கலர் கலரா சட்டை போட்டு வழுக்கிக்கிட்டு வந்து விழுந்தா கேள்வி கேக்குறது உங்களை இல்ல, அந்த ஜாகாவைத்தான். பழத் திருட்டு நடந்தாலும் அவருதான் பதில் சொல்லணும். அவரு சம்பளம் என்னானு யோசிச்சீங்களா? உங்க சைக்கிள்ல ஒரு சோடி சக்கரம் வாங்க முடியுமா அதுல?

"ஆறு அரசாங்கத்தோடது, யாரும் தடுக்க முடியாது." சரி, ஒத்துக்கிறேன். ஆத்துலயே நீந்திப் போங்க.

"சைனீஸ் குரூப், மலாய் குரூப் எல்லாம் போறாங்க, நம்மாளுங்களை மட்டும் ஏன் சொல்றே?" இதைத்தான் எதிர்பார்த்தேன். அவங்க போனாலும் தப்புதான், போதுமா? ஆனா அந்தப் பெரியவரைப் பார்த்து ஒரு தமிழ்ப் பையன் சிரிச்சதுதான் எனக்கு வலிக்குது. அவன் தாத்தா எந்தத் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனாரோ. இதே மாதிரி ஒரு கேட்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பாரு.

எங்க ஊருக்கு கேட் ஒண்ணும் புதுசில்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த வட்டாரத்துத் தோட்டங்கள்லதான் மூணு வெள்ளைக்கார துரைங்களைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டாங்க, அதோட வந்தது அவசரகாலம், 1960 வரைக்கும். தொழிலாளிங்க இருந்த லயத்தைச் சுத்தி முள்கம்பி போட்டாங்க. காலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டு முடிஞ்சு பால் வெட்டப் போறப்ப சோத்துப் பொட்டலம் இருக்கானு தடவிப் பார்ப்பாங்கனு பாட்டி சொல்லும். காட்டுல இருக்கிறவனுக்குச் சோறு போயிடக் கூடாதாம். வெறும் வயித்தோட போயி மத்தியானம் வந்துதான் சாப்பாடு. அப்ப வெளிய போவ கேட்கணும்.

இப்ப உள்ள போவ கேட்கணும். நான் பொறந்த லயத்தை இடிச்சாச்சு. எங்களை டவுன்ல அடுக்கு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, தோட்டம் ரெண்டு மூணு கை மாறிடுச்சு. பிள்ளைங்களை விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டகை இருந்த இடத்துல செம்பனை நிக்குது. மிச்சம் இருக்கிறது மாரியம்மன் கோயிலும் இடுகாடும்தான். எங்கப்பா அங்கதான் இருக்கார். திதிக்குப் போகணும்னாக் கூட நான் கேட்ல ஐசியை (அடையாள கார்டை) கொடுத்து, புக்குல கையெழுத்துப் போட்டு, "எத்தன மணிக்குத் திரும்புவீங்க?"னு கேட்டா பதில் சொல்லிட்டுத்தான் போறேன். எங்கப்பனைப் பார்க்க! அதுக்கு நான் ஜாகாகிட்ட சண்டை போட்டதில்ல. அவரு வச்ச கேட் இல்ல அது.

ம.இ.கா. தலைவரா, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரு இது. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப, தொழிலாளிகளே சேர்ந்து வாங்கட்டும்னு 1960ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சார். எங்க தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. இருந்திருந்தா "உங்க அப்பன் ரோடா?"ங்கிற கேள்விக்கு அந்தப் பெரியவர் நெஞ்சை நிமித்தி "ஆமாண்டா"னு சொல்லியிருப்பாரு.

எங்கயோ போயிட்டேன். திரும்ப வர்றேன்.

"இப்படிப் பேசுனா டவுனுக்கு வர்ற ஆளுங்க வர மாட்டாங்க, வியாபாரம் போயிடும்"னு ஒரு நண்பர் தனியா மெசேஜ் போட்டார். அவரு சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு ரொட்டி சானாயும் தே ஓவும் குடிச்சிட்டு, டாய்லெட்ல சைக்கிள் சேத்தைக் கழுவிட்டு, காரை எடுத்துக்கிட்டுப் போறவங்களை நம்பி எங்க டவுன் பிழைக்கல.

அனுமதி கேட்டா கொடுக்க மாட்டாங்கனு சொல்றவங்களுக்கு: நான் கேட்டிருக்கேன். சில தோட்டத்துல முடியாதுன்னுட்டாங்க, நான் போறதில்ல. சில இடத்துல ஞாயித்துக்கிழமை மட்டும், பத்து மணிக்குள்ள வெளிய வந்துடணும், ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகக் கூடாதுனு சொல்லி விட்டாங்க. போனோம், வந்தோம். பேரைக் கொடுத்ததுல யாருக்கும் முடி கொட்டல.

அந்த வீடியோவை எடுத்துடுங்க. மன்னிப்புப் பதிவு, கூப்பிய கை எமோஜி எல்லாம் வேணாம், எடுத்துடுங்க போதும். அவரு முகம், கேட் மேல இருக்கிற தோட்டத்துப் பேரு ரெண்டும் அதுல தெளிவாத் தெரியுது. மேனேஜர் பார்த்தா முதல்ல கேக்குற கேள்வி, "இவங்களை எப்படி உள்ள விட்டே?"

வர்ற ஞாயித்துக்கிழமை லிந்தாங் பக்கம் போறோம். வர்றவங்க வியாழக்கிழமைக்குள்ள பேரும் ஐசி நம்பரும் எனக்குத் தனியா அனுப்பிடுங்க, தோட்டத்து ஆபீஸ்ல கொடுக்கணும். இங்க கமெண்ட்ல போடாதீங்க. கேட்ல கேமரா ஆஃப்.