இரண்டு கேபிளைச் சேர்த்தால் காப்பி வேகம் இரட்டிப்பாகுமா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'லினக்ஸ் சர்வரில் இரண்டு 1 ஜிகாபிட் கார்டுகளை மோட் 4-இல் பாண்டிங் செய்தால், ஒரே ஃபைல் காப்பியும் 2 ஜிகாபிட் வேகத்தில் போகும்.' இது தவறு.

பாண்டிங் என்றால் பல நெட்வொர்க் கார்டுகளைச் சேர்த்து ஒரே இணைப்பு போலப் பயன்படுத்துவது. அதன் வகைகளில் மோட் 4 என்பது 802.3ஏடி என்ற தரநிலைப்படியான முறை. இதில் ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் (டேட்டா துண்டுகள்) வரிசை குலையாமல் இருக்க, அவை எல்லாம் ஒரே கேபிளில்தான் போகும். எந்தக் கேபிள் என்பதை, முகவரி போன்ற விவரங்களிலிருந்து ஓர் எண்ணைப் பெறும் ஹாஷ் கணக்கு முடிவு செய்கிறது. அதனால் ஒரு காப்பிக்குக் கிடைப்பது ஒரு கேபிளின் வேகமே, நடைமுறையில் சுமார் 940 மெகாபிட். பல பேர் ஒரே நேரத்தில் சர்வரைப் பயன்படுத்தும்போதுதான் பலன் தெரியும்; ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்காது, அதுவே பெரிய லாபம்.

நீங்களே சோதிக்கலாம். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை முதலில் ஒரே ஸ்ட்ரீமில் (ஒரே இணைப்பில்) ஓட்டுங்கள், அப்புறம் எட்டு ஸ்ட்ரீமில். இயல்பான லேயர்2 ஹாஷ், கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்ப்பதால், இரண்டே கணினிகளுக்கு இடையே எட்டும் ஒரே கேபிளில் நெரியும். லேயர்3+4 என மாற்றினால் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் மாறும் போர்ட் எண்ணும் கணக்கில் சேரும், சுமை பிரிய வாய்ப்புண்டு. ஆனால் சர்வருக்கு உள்ளே வரும் டிராஃபிக்கைப் பிரிப்பது சுவிட்ச். அங்கும் எல்ஏசிபி (802.3ஏடி-இல் கேபிள்களைச் சேர்க்கும் நெறிமுறை) அமைத்திருக்க வேண்டும்.

பாக்கெட்டுகளை மாறி மாறி அனுப்பும் மோட் 0 ஒரே இணைப்பை இரண்டு கேபிளிலும் பிரிக்கும், உண்மைதான். ஆனால் பாக்கெட்டுகள் வரிசை மாறி வருவதால், டேட்டா சரியாகப் போய்ச் சேருவதைக் கவனிக்கும் டிசிபி மறுபடி அனுப்பத் தொடங்கி வேகம் குறையலாம். லினக்ஸ் கெர்னலுடன் வரும் பாண்டிங் ஆவணத்திலேயே இதெல்லாம் இருக்கிறது.

இந்தச் செய்தியை நம்பிச் சின்னக் கடைக்காரர்கள் புது சுவிட்சுக்குப் பணம் போடுகிறார்கள். தயவுசெய்து இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள்; வந்த குழுவில் இந்த விளக்கத்தைப் போடுங்கள்.