பெரிய கார்புரேட்டர் ஆசை

என்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைப் பெரிதாக மாட்டினால் பழைய காரும் பறக்கும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த ஆசையில் என் 1,098 சிசி மோரிஸ் மைனருக்கு இரட்டைத் தொண்டை (இரண்டு காற்றுவழி) கொண்ட வெபர் கார்புரேட்டர் மாட்டிப் பார்த்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் மேட்டில் கார் இருமியதுதான் மிச்சம். தொண்டை அகலமானால் குறைந்த வேகத்தில் காற்றோட்டம் தளர்ந்து, பெட்ரோல் சரியாகத் துகளாகாது. பழைய எஸ்.யு. கார்புரேட்டரையே திரும்ப மாட்டினேன்.

அதில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிபார்க்க மாமா காட்டிய வழி இது: என்ஜின் நன்றாகச் சூடேறியதும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு மட்டும் தூக்குங்கள். என்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி உடனே அடங்கினால் சரி. அடியிலுள்ள, பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஜெட் நட்டை ஒவ்வொரு பட்டையாக (நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்கம்) திருப்பிச் சோதிக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராத வேலை.

கட்டுரை தொடாத விஷயம் உயரம். டர்பன் கடலோரத்தில் சரிசெய்த காரைத் தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்கு, லெனேசியாவுக்கு ஓட்டிப் போனேன். ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1,500 மீட்டருக்கும் மேல். காற்று மெலிந்து கலவையில் பெட்ரோல் பங்கு கூடிவிடும். வழியிலுள்ள வான் ரீனன் மலைக்கணவாய் தாண்டியதுமே கரும்புகை. பிளக்குகளைக் கழற்றினால் அடுப்புக்கரி! (பாயசம் ஆறிப்போனது தனிக்கதை.) நட்டை இரண்டு பட்டை மேலேற்றியதும் ஒழுங்காயிற்று. ஊர் திரும்பியதும் மறக்காமல் இறக்கிவிட்டேன்.