மரத்தூள் எண்ணெய் டீசலுக்கு மாற்று அல்ல

மரத்தூளைக் காற்றில்லாமல் சூடாக்கினால் வரும் எண்ணெயை அப்படியே டீசல் வண்டியில் ஊற்றலாம், எத்தனை மாதம் வைத்தாலும் கெடாது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எண்ணெய் வருவது உண்மை. மற்ற இரண்டும் தவறு. நம்பி ஊற்றினால் எஞ்சின்தான் பாழாகும்.

காய்ந்த மரத்தூளைச் சுமார் 500 டிகிரி செல்சியஸில் நொடிப்பொழுதில் சூடாக்கி, வரும் ஆவியை உடனே குளிரவைத்தால், எடையில் 60 முதல் 70 சதவீதம் வரை திரவமாகக் கிடைக்கும். கரும்பழுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் புகை வாடை. ஆனால் அதில் கால்பங்கு வரை தண்ணீர்தான். அமிலத்தன்மையோ வினிகர் அளவுக்கு இருக்கும். சாதாரண இரும்பை அரித்துவிடும். டீசலோடு கலக்கவும் கலக்காது. எரிசக்தியும் ஒரு கிலோவுக்கு டீசலில் பாதிகூட இல்லை.

கெடாது என்பது இன்னும் மோசமான தவறு. டிரம்மில் சில மாதம் கிடந்தாலே கூழாகத் தடித்து, அடியில் தார் போல ஒரு படலம் பிரிந்து நிற்கும். உள்ளே இருக்கும் ஆல்டிஹைடு, பீனால் வகை வேதிப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதே காரணம். கொஞ்சம் மெத்தனால் சேர்த்தால் இது மெதுவாகும், நிற்காது. உண்மையில் நிலைப்படுத்த, வினையூக்கி வைத்து உயர் அழுத்த ஹைட்ரஜனால் எண்ணெயிலுள்ள ஆக்சிஜனை நீக்க வேண்டும். அது வீட்டுக் கொல்லையில் நடக்கிற வேலை இல்லை.

சரி, இது உதவாத எண்ணெயா? இல்லவே இல்லை. பின்லாந்தின் யோன்சூ நகரில் 2013-இல் தயாரிக்கத் தொடங்கி, கொதிகலன்களில் எரித்தார்கள். சுவீடனின் யேவ்லே நகரில் 2021-இல் தொடங்கி மரத்தூளில் எடுத்த எண்ணெய், சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்த்தான் வண்டி எரிபொருளானது.